வாக்காளர்களின் தொப்பிகளை நான் வைத்திருந்தது குறித்து

என் பெயர் வெர்னா டோலஃப்சன். வயது எழுபத்தொன்று. கணவர் ஆர்னி டோலஃப்சன், காலமாகிவிட்டார். மினசோட்டா மாநிலம் ஹெல்விக் ஊரில் தானியக் கிடங்குக்கு எதிர்வீட்டில் வசிக்கிறேன். இவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் மீது வந்த புகார் குறித்து ஷெரீப் அலுவலக அதிகாரி கீஸ் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

பிரதிநிதிகள் சபைத் தேர்தலில், பல காலமாக உறுப்பினராக இருப்பவரை எதிர்த்து எங்கள் ஊர் கேரின் ஆஸ்லண்ட் போட்டியிட்டார். அவர் என்னிடம் படித்தவர். தந்தைக்குப் பிறகு தீவனக் கடையை நடத்துகிறார். வசந்த காலம் முதல் அவருக்காக நான் வீடு வீடாகச் சென்று ஆதரவு கேட்டேன். என் வீட்டுப் புல்வெளியில் அவர் பெயர்ப் பலகை இன்றும் நிற்கிறது. இதை நான் மறைக்கவில்லை.

ஆஸ்லண்ட் கடையில் விதை வாங்குவோருக்கு அந்தப் பெயர் பொறித்த பச்சைத் தொப்பி கொடுப்பது கேரினின் தந்தை காலத்து வழக்கம். ஊரில் பெரும்பாலோருக்கு வேறு தொப்பி கிடையாது. தேர்தல் அன்று காலை வழக்கம்போல் அதை அணிந்தே, வாக்குச்சாவடியாக இருந்த லூத்தரன் தேவாலயத்துக்கு வாக்களிக்க வந்துவிட்டார்கள். வேட்பாளரின் பெயரைத் தலையில் சுமந்து வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வாக்குச்சாவடித் தலைவி இர்மா வாசலுக்கு வந்து, வேட்பாளர் பெயர் உள்ள எதுவும் நூறு அடிக்குள் வரக்கூடாது என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. பலர் வண்டிகளைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கே போய்விடலாம் என்று சிலர் பேசியதைக் கேட்டேன். அதன் பிறகு நான் என் வண்டியை நூறு அடிக்கு வெளியே சாலையோரம் நிறுத்தி, தொப்பிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் வாக்களிக்கும்படி சொன்னேன். பள்ளியில் பனிக்காலத்தில் பிள்ளைகள் வகுப்பறை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். போகும்போது அவரவருடையதை மாட்டிக்கொள்வார்கள். இதுவும் அப்படித்தான்.

பக்கத்துப் பண்ணை ஹாலி பிரெக்கி தொப்பியைக் கழற்றும்போது, "டீச்சர், உங்க கேரினுக்கு என் ஓட்டு கிடையாது. தொப்பி மட்டும்தான் அவளோடது" என்றார்.

"தெரியும்ப்பா. தலை நனையுது, சீக்கிரம் போ" என்றேன்.

வழுக்கைத் தலைகளில் பனி விழ விழ அவர்கள் வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு ஒருவர்கூட வாக்களிக்காமல் திரும்பவில்லை.

பின்னர், தற்போதைய உறுப்பினர் தரப்பு முகவர் பிரெஸ்டன் டாயில் வந்து படம் எடுத்தார். அவர் புகாருடன் இணைத்துள்ள படத்தில் நான் ஒரு முதியவரின் தலையில் தொப்பி வைப்பது உண்மை. அவர் வாக்களித்துத் திரும்பிய ஆர்வில் ஸ்டென், கை நடுக்கம் உள்ளவர். அது அவருடைய சொந்தத் தொப்பி. விளிம்பில் தூண்டில் முள் குத்தியிருக்கும். வாக்குக்காக நான் தொப்பிகளைப் பரிசளித்தேன் என்பது பொய். அன்று ஒரே ஒருவருக்குத்தான் தொப்பியை இலவசமாகத் தர முன்வந்தார்கள். ஆர்வில் தன் தொப்பியைக் கழற்றி டாயிலிடம் நீட்டி, "தம்பி, காதெல்லாம் செவந்துபோச்சு, போட்டுக்க. உங்க ஆளுகிட்ட நாங்க சொல்ல மாட்டோம்" என்றார். டாயில் வாங்கவில்லை.

மற்ற ஊர்களில் எண்ணி முடித்ததில் கேரின் சற்றே பின்தங்கியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெட்டி மட்டும் பாக்கி. புகாரை ஏற்றால் அதை எண்ணாமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று அறிகிறேன்.

ஒரு வேட்பாளரை ஆதரிப்பவர் அன்று நடுநிலையோடு நடந்திருக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். அங்கே நின்ற நேரம் முழுவதும் நான் கேரின் பெயரைச் சொல்லவில்லை. அவரை எதிர்த்து வாக்களிப்பதாக என் முகத்துக்கு நேரே சொன்னவர்களின் தொப்பிகளையும் நனையாமல் மூடி வைத்தேன். கேரின் என் மாணவி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வெறுந்தலையோடு நின்றவர்களில் பாதிப் பேரும் என் மாணவர்களே. அவர்களைப் பற்றியும் அதே பெருமைதான். அந்தப் பெட்டியில் கேரினுக்கு எதிரான வாக்குகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது அனைத்தும் நான் செய்ததும் கண்டதும் கேட்டதும். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை.

(ஒப்பம்) வெர்னா டோலஃப்சன்
என் முன்னிலையில்: ரேமண்ட் கீஸ், ஷெரீப் அலுவலகம்