பதினாறோடு வெட்டிய பெயர்கள்

எனக்கு மீன் வாடை ஆகாது, ஐயா. மற்றபடி நான் யாருக்கும் தீங்கு நினைக்காதவன்.

துறைமுகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம். நான் தும்மினால் கிரேன் நின்று, "என்ன அண்ணாச்சி, சளியா?" என்று கேட்கும். ஓய்வுக்குப் பின் சும்மா இருக்கப் பிடிக்காமல் படகுச் சங்கத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு படகும் ஆள் பட்டியலைச் செல்போனில் அனுப்பும். செதில் ஒட்டிய செல்போன்கள், தொடவே கூசும். படகின் பெயரே ஃபைலின் பெயர். படகு திரும்பியதும் அதில் ஒரு குறி விழும். நீளமான பெயர்களைப் பதினாறு எழுத்தோடு வெட்டச் சொல்லியிருந்தேன்.

சங்கத்தில் வேலை பார்க்கும் ஷெர்லின் எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க எழுத்தை எண்ணுதிய, கம்ப்யூட்டரு பைட்டை எண்ணுது. தமிழ்ல கொம்பு, சுழிக்குக்கூட தனியா மூணு பைட்டு. 'புனித'ங்கிறதே பதினஞ்சைத் தின்னுரும். நம்மூர்ல பாதிப் படகு புனிதர் பேருதான? சவேரியார் ஃபைலு மேல அந்தோணியார் விழுதாரு. பேரை வெட்டாதிய. இருக்க ஃபைலை அழிச்சு எழுத விடாதிய."

"ஏளா, புனிதர்கள் ஒரே வீட்டுல இருந்தா சண்டையா போடுவாங்க?" என்றேன். சிரிப்பில் கூரை ஓடு நாலு விழுந்தது. அவள் மட்டும், பல்லி விழுந்த பாலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை காற்று பிடித்தது. ஷெர்லின் ஆலந்தலைக்குப் போயிருந்தாள்.

"எல்லாரும் கரை ஏறியாச்சா, அண்ணாச்சி?" என்றார் செயலாளர் தேவபிரசாதம்.

திரையில் 'புனித' என்று ஒரே ஒரு ஃபைல். குறி விழுந்திருந்தது. அதன் அடியில் பதினொரு படகின் பட்டியல் அழிந்து கிடப்பது எனக்குத் தெரியும். சொன்னால் தேடக் கிளம்புவார்கள். அவள் சொன்னது சரி என்றும் ஆகும்.

"ஆச்சு" என்றேன்.

சவேரியார் படகில் போன இஞ்ஞாசியின் மனைவி மெட்டில்டா வந்து கேட்டபோது, "பெரியதாழையில ஒதுங்கியிருப்பாங்க, தாயி" என்று ஆறுதல்கூடச் சொன்னேன். அவள் சேலையிலும் அதே வாடை.

விடிந்தபின் தேடினார்கள். படகு கிடைத்தது, இஞ்ஞாசியும் கூடப்போன நாலு பேரும் கிடைக்கவில்லை. அன்று மத்தியானம், புரோகிராமைக் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் ஷெர்லின் பெயரைப் போட்டேன். வெட்டாமல், முழுப் பெயர்.

எல்லாம் நான் செய்ததுதான், ஐயா. ஆனால் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஐந்து பேரையும் அவளே காப்பாற்றியிருக்கலாம். அவளுடைய கல்மனதை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.