மேட்டுக்கு அந்தாண்ட

— திரையை விலக்காத ரஃபத். வலைக்காரங்க ரெண்டு பேர் அதோ நிக்கிறாங்க. வண்டிக்குள்ளயே உக்காரு. நான் சொல்றேன், கேட்டுக்கோ.

— சொல்லுங்க. மேட்டு உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்துட்டீங்களா?

— ஏறாம? ஆம்பூர்ல அம்பது ஆளை வெச்சுத் தோல் ஷாப்பு நடத்துறவன், ஒரு மணல்மேட்டுக்கா பயப்படுவான்?

— மூச்சு வாங்குதே உங்களுக்கு.

— உப்புக் காத்து. அப்படித்தான் இருக்கும்.

— சரி, கடல் எப்படி இருக்குது?

— எப்படின்னா... நம்ம ஷாப்புல தோல் ஊறப்போடுற சுண்ணாம்புத் தொட்டி இருக்குதுல்ல?

— அதை நான் எங்க பாத்தேன்? அங்கயும்தான் என்னை வுட்டதில்லையே.

— அந்த மாதிரி ஆயிரம் தொட்டியை ஒண்ணாச் சேத்தா எப்படி, அப்படி! மேட்டுக்கு அந்தாண்ட எட்டிப் பாத்தா, காலுக்குக் கீழயே தண்ணி.

— காலுக்குக் கீழயேவா?

— பின்னே? அலை வந்து மேட்டு மேலதான் மோதுது. நடுவுல ஒரு செடி கெடயாது, ஒரு மரம் கெடயாது.

— ஒரு பனமரம்கூடவா இல்ல?

— ஒண்ணுகூட இல்லன்றேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— வாசனை?

— நம்ம ஊர் அளவுக்கு மோசமில்ல.

— ஜெர்மன் சண்டை முடிஞ்ச வருஷம் நமக்கு நிக்காஹ். ஒரே ஒரு தடவை கடலைக் காட்டுங்கன்னு அன்னிக்கே கேட்டேன். பதிமூணு வருஷம் கழிச்சுக் கூட்டியாந்து, இவ்ளோ பக்கத்துல வண்டியை நிறுத்தி, திரையைப் போட்டுட்டு, நீங்க மட்டும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றீங்க. அழறதா சிரிக்கிறதான்னே தெரியல.

— நான் இன்னா பண்றது? நாலு பேர் பாக்கறாங்க. ஊருக்குப் போனதும் எங்கக்கா கடல் எப்படின்னு கேப்பா. நான் சொன்னதை அப்படியே சொல்லிடு, நீயே பாத்த மாதிரி இருக்கும். அது சரி, உன் பொடவை ஓரம் இன்னாத்துக்கு இவ்ளோ ஈரம்?

— தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ செஞ்சப்ப நனஞ்சது.

— காசி! வண்டியில மாட்டைப் பூட்டு. ரயிலுக்கு நேரமாச்சு.

— பூட்றேன் மொதலாளி. ஆமா, செருப்பு எங்க? வெறுங்காலோட நிக்கிறீங்க?

— மேலயே வுட்டுட்டேன் போல. போவட்டும் வுடு.

— நம்ம ஷாப்புத் தோல்ல தெச்ச செருப்பு மொதலாளி, போவட்டும்னா எப்படி? இதோ எடுத்தாறேன்.

— டேய், வேணாண்டா! காசி! நில்லுடா!

— அவன் எங்க நிக்கிறான். ஏறிட்டான் பாருங்க.

— மொதலாளி! செருப்பு ஆப்டுச்சு! பாதி மேட்லயே கெடக்குது! உங்க காலடியும் இதோட நின்னு போச்சே!

— காத்து அழிச்சிருக்கும்டா!

— உங்க காலடியை மட்டுமா அழிக்கும்? ரெண்டு பொம்பளைங்க காலடி ஜோரா உச்சி வரைக்கும் போவுதே!

— மீன்காரப் பொம்பளைங்களா இருக்கும். எறங்குடா கீழ!

— ஒருத்தி மீன்காரப் பொம்பளைதாங்க. ராத்திரி நாம தங்கின வூட்டு ஆரோக்கியமேரி.

— இன்னொருத்தி?

— விடிகாலை பஜர் தொழுகைக்குக்கூட எழுந்திரிக்காம நீங்க குறட்டை வுட்டீங்களே, அப்பத்தான் போனோம்.

— ரஃபத்! யாராவது பாத்தாங்களா?

— மொதல்ல அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். யாரும் பாக்கல. நான்தான் பாத்தேன். கண்ணு நெறயப் பாத்தேன்.

— அப்ப, மேட்டுக்கு அந்தாண்ட...

— பனந்தோப்புங்க. அதைத் தாண்டினா இன்னொரு மேடு, இதைவிட உசரம். அதுக்கும் அப்பாலதான் கடல்.

— பாதியிலயே நெஞ்சு அடைச்சுது ரஃபத். உக்காந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கமாப் போச்சு. மெட்ராஸுக்கு நூறு தடவை போயிருக்கேன், தோல் மண்டியை வுட்டு அந்தாண்ட போனதில்ல. நானும் இதுவரைக்கும் கடலைப் பாத்ததே இல்ல.

— இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே.

— இப்ப இன்னா பண்றது? எங்கக்கா என்னையும்தானே கேப்பா?

— வண்டிக்குள்ள ஏறி உக்காருங்க. திரையை நல்லா இழுத்து வுடுங்க. நான் சொல்றேன், கேட்டுக்கங்க.