தேவா தம்பி என்னும் தேவானந்தன் ஆசிரியருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் முக்கோணத்தையும் வட்டத்தையும் முகம் சுளிக்காமல் கற்பித்த முதுபெரும் ஆசானே, எண்ணுக்கு எழில் கூட்டிய ஏந்தலே, பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திய பெருந்தகையே, யோங் பெங்கில் நம் இடைநிலைப்பள்ளியின் ஆசிரியர் அறையில் சன்னலோர மேசையை அணிசெய்த அமைதிக்கடலே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தேவானந்தன் ஐயா அவர்களே, வணக்கம்.

அடைமொழிகள் இத்துடன் தீர்ந்தன. எங்கள் நால்வரில் ஜெயபாலன் இன்னும் பதினாறு எழுதி வைத்திருந்தார். "இது என்ன, கல்யாண மண்டபமா?" என்று கேட்டு, புஷ்பவள்ளி அத்தனையையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

இனி உங்களைப் பார்த்துப் பேசாமல் அவையோரைப் பார்த்துப் பேசப் போகிறோம். முகத்துக்கு நேரே சொன்னால் தேநீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போய்விடுவீர்கள் என்பது நாங்கள் அறிந்ததே. உங்கள் ஒப்புதலை முன்பே கேட்டோம். "எழுதுங்க, ஆனா நீளமா வேணாம்" என்றீர்கள். அதில் முதற்பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டோம்.

அவையோரே, இரண்டாண்டுகளுக்கு முன் நம் கணினி அறிவியல் ஆசிரியை குவந்தானுக்கு மாற்றலாகிப் போனார். நான்காம் படிவ வகுப்பில் அந்தப் பாடத்தை எடுத்திருந்தவர்கள் பதினொரு பேர். ஆசிரியர் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஜெயபாலனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "தேவா சார் இருக்காரே, அவருக்குக் கம்ப்யூட்டர் நல்லா தெரியுமே லா" என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். அதற்கு எங்களிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. எவருடைய மடிக்கணினி நின்றுபோனாலும் அவர் வந்து அணைத்துவிட்டு மறுபடி போடுவார், அது ஓடும். அந்த ஒரு வித்தைக்காக அவரை வல்லுநர் ஆக்கிவிட்டோம்.

தேவானந்தன் மறுக்கவில்லை. குளுவாங் ரயில் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவரின் மகன் அவர். கொடுத்த வேலையைத் தெரியாது என்று திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கூட்டத்தில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாடநூலைத் திறந்தார். ஜாவா என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்குத் தீவுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துணைவியார் கிருஷ்ணகுமாரி மறைந்து அப்போது ஓராண்டு. மகன் செந்தூரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதத்துக்கொரு முறை வந்து, வந்த வேகத்தில் திரும்பிவிடுவார். மற்ற நாள்களில் பேச ஆளில்லாமல், தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்கு "சரி, சரி" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார் நம் ஆசிரியர். இதை அவரே பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடத்தை யாரிடம் கற்பது? எங்களிடம் கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். செனாயில் பிரவீனா என்றொரு இளம்பெண், பகலில் தொழிற்சாலையொன்றில் மென்பொருள் எழுதிவிட்டு, மாலையில் மாணவர்களுக்கு இணையத்தில் கணினி அறிவியல் டியூஷன் நடத்திவந்தார். அதில் சேர்ந்துவிட்டார். பதிவுப் படிவத்தில் பெயர் என்ற இடத்தில் தேவா என்றும், பள்ளி என்ற இடத்தில் நம் பள்ளியின் பெயரையும் எழுதினார். வயதை யாரும் கேட்கவில்லை, ஆகவே தாம் பொய் சொல்லவில்லை என்பது இன்றுவரை அவருடைய கட்சி.

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழரைக்கு வகுப்பு. கேமராவை அணைத்தே வைத்திருந்தார். பேசச் சொன்னால் "மைக் ரோசாக்" என்று தட்டச்சு செய்தார். மைக் பழுது என்னும் அந்தச் சாக்கு இரண்டாண்டுகள் தாக்குப்பிடித்தது. "அலமாக், தேவா தம்பி, உன் அப்பாகிட்டச் சொல்லி ஒரு மைக் வாங்கக் கூடாதா?" என்று பிரவீனா அங்கலாய்த்தபோது, ஐம்பத்தெட்டு வயதில் அவர் "கேட்டுப் பார்க்கிறேன் டீச்சர்" என்று பதில் எழுதினார்.

பிரவீனாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகம் காட்டாத பிள்ளைகள் உண்மையில் எதிரே இருக்கிறார்களா என்று அறிய, வருகைப் பதிவுக்குப் பதிலாக, "எல்லாரும் சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டீங்க, டைப் பண்ணுங்க" என்பார். முதல் நாள் தேவானந்தன் சாப்பிட்டது நான்கு பிஸ்கட்டும் ஒரு தேநீரும். சோறும் மீன் குழம்பும் என்று எழுதினார். "சூப்பர் தம்பி, அம்மா சமையலா?" என்று பதில் வந்தது. அன்று இரவு அவருக்கு மனது சங்கடமாகிவிட்டது. அடுத்த வகுப்புக்கு முன் கடைக்குப் போய் மீன் வாங்கினார். அந்தக் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனாலும் எழுதியது உண்மையாக இருந்தது. அதன்பின் செவ்வாயும் வியாழனும் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

பாடமும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒருமுறை அவர் எழுதிய நிரல் நிற்காமல் ஓடி, எண்களைத் திரை முழுக்கக் கொட்டியது. "தம்பி, சுத்து ஒவ்வொன்னுக்கும் கவுன்ட்டர ஒன்னு கூட்டணும், அத மறந்துட்ட. அதான் நிக்கல. பரவால்ல, எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார் பிரவீனா. பரவாயில்லை என்று தம்மிடம் ஒருவர் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார். மறுநாள் காலை அதே பிழையை வெண்பலகையில் வேண்டுமென்றே எழுதி, அதே சொற்களால் நம் பதினொரு பேருக்கும் விளக்கினார். இரவல் வாங்கிய பாடம் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

ஆறு மாதத்தில் அவருக்கு டியூஷன் தேவைப்படாத அளவுக்குப் பாடம் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. தம்பி என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் ஓர் இடம் இருந்தது. தாம் யார் என்று சொன்னால் அந்த இடம் போய்விடும், சொல்லாமலிருந்தால் அந்தப் பெண்ணை ஏமாற்றுவதாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் இரண்டாண்டுகள் கிடந்து தவித்திருக்கிறார்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, "எல்லாரும் உங்க தேர்வு எண்ண அனுப்புங்க, ரிசல்ட் வந்தா நானே பாக்கணும்" என்றார் பிரவீனா. தேவா தம்பிக்கு ஏது தேர்வு எண்? ஒரு சொல்லும் எழுதாமல் டியூஷன் குழுவிலிருந்து விலகிவிட்டார். நம் பதினொரு பேரையும் கடைசி நாள்வரை தாமே பயிற்றுவித்துத் தேர்வு மண்டபத்துக்கு அனுப்பினார். மாலையானால் ஏழரைக்கு மடிக்கணினிக்கு எதிரே போய் உட்காருவாராம். திறக்க மாட்டாராம். மறுபடியும் பிஸ்கட்டுக்கே திரும்பினார்.

தேர்வு முடிவுகள் வந்தன. பதினொரு பேரும் தேறினார்கள். அந்த வாரமே பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எடுத்தவர் ஆங்கில ஆசிரியை சாந்தினி.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல தேவான்னு ஒரு பையன், அஞ்சாம் படிவம். பரீட்சைக்கு முன்னாடி திடீர்னு காணாம போயிட்டான். நான் ஏதாச்சும் கடுமையா பேசிட்டேனான்னு தெரியல. அவன் பாஸ் பண்ணிட்டானான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்."

சாந்தினி பட்டியல் முழுவதும் தேடினார். அப்படி ஒரு பையன் இல்லை. ஆசிரியர் அறைக்கு வந்து, "தேவான்னு யாராவது பையன் இருக்கானா?" என்று கேட்டார். சன்னலோரத்தில் பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"அது நான்தான்மா" என்றார்.

நாங்கள் சிரித்தோம், அவையோரே. வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "சாந்தினி, அந்தப் பிள்ளைகிட்ட அவன் பாஸ் பண்ணிட்டான்னு சொல்லிடுங்க" என்றார். "இல்ல, வேணாம். நானே பேசுறேன்" என்று கைப்பேசியை எடுத்தார்.

நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம். நான்தான் தேவா என்றார், தம் வயதைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தப் பெண்தான் இவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், தம்பி என்று கூப்பிட்டதற்கு. எப்போது வேண்டுமானாலும் வகுப்புக்கு வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க சார்?" என்று எங்களில் நான்காமவரான ரூபேந்திரன் கேட்டார்.

"நல்ல பிள்ளை. ரொம்ப மரியாதையா பேசுது. இப்ப சார்ங்குது" என்று சொல்லி, அடுத்த நூலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு அவர் போகவே இல்லை.

ஐயா, இப்போது மறுபடியும் உங்களைப் பார்த்துப் பேசுகிறோம். ஒரே மேசையில் நால்வர் உங்களோடு உட்கார்ந்திருந்தோம். கணினி நின்றால் கூப்பிட்டோம், காகிதம் சிக்கினால் கூப்பிட்டோம். முகம் தெரியாத பெண் வாரம் இருமுறை கேட்டதை உங்கள் துணைவியார் மறைந்த இந்த மூன்றாண்டுகளில் நாங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

நூறாண்டு வாழ்க என்று எழுதி முடிப்பது மரபு. எழுதியும்விட்டோம். படித்துப் பார்த்த புஷ்பவள்ளி, "ஒத்தையா நூறு வருஷம்னா அது வாழ்த்தா?" என்று கேட்டார். அந்த வரியை எடுத்துவிட்டோம். வந்து பார்ப்போம் என்று எழுதவும் கை கூசியது. இதுவரை ஓய்வு பெற்ற எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினோம், ஒருவர் வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. ஆகவே நோயற்று, நலிவற்று, நல்லுணவு உண்டு நீங்கள் வாழ வேண்டுமென விழைந்து, கையெழுத்தோடு அவரவர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் கிழமையையும் எழுதித் தருகிறோம். கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவையுங்கள், வராதவரைப் பிடித்துக் கேட்க வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் மேசைத் தோழர்கள்

திங்கள்: ஜெயபாலன்
செவ்வாய்: புஷ்பவள்ளி
புதன்: ரூபேந்திரன்
வியாழன்: சாந்தினி
வெள்ளி: மறுபடியும் ஜெயபாலன்
சனி: சாந்தினி, பிள்ளைகளோடு
ஞாயிறு: அவரவர் குடும்பத்தோடு இருக்கும் நாள். இதுவரை யாரும் கையெழுத்திடவில்லை.