சின்னத்தைச் சுற்றி இரண்டடி

வெயில் நன்றாக எறித்தால் வெள்ளைப் பூச்சுக் காய ஒரு மணித்தியாலம் போதும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன் நான், பக்கீர் முகைதீன். படிப்பு மூன்றாம் வகுப்பு. படித்தவன் வாய்ச்சொல்லை நம்பமாட்டேன். கல்முனையில் சினிமாவுக்கான அரசாங்க அலுவலகம், படக் கந்தோர், திறந்தபோது, தியேட்டர்ச் சுவரில் அதன் சின்னத்தை வரையும் வேலை எனக்கு வந்தது. படச்சுருளைச் சுற்றி இரண்டு நெற்கதிர். எப்படி வரைய வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு கடதாசி வந்திருந்தது. கந்தோர்க் கிளாக்கர் நல்லரெத்தினத்தை அதை மூன்று தரம் வாசிக்க வைத்தேன், மூன்று தரமும் ஒன்றையே வாசிக்கிறாரா என்று பார்க்க. ஒன்றையேதான் வாசித்தார். ஆறடி வட்டம். மாதிரி அட்டையில் உள்ள பச்சை. தெருவைப் பார்த்த சுவர். சின்னத்தைச் சுற்றி இரண்டடிக்கு வெறும் வெள்ளை. எழுத்து, கோடு, யன்னல், கதவு ஒன்றும் கூடாது.

அந்தச் சுவரில்தான், சின்னத்தை எங்கே வரைந்தாலும் அந்த இரண்டடிக்குள் வருகிற மாதிரி, பெண்கள் கதவு இருந்தது. எங்கள் பெண்கள் அதால் போய், பலகை மறிப்புக்குப் பின்னால் இருந்து படம் பார்த்து, அதாலேயே வருவார்கள். ஆண்கள் பக்கம் போக உள்ளே வழியில்லை.

இரண்டு தரம் கந்தோர் அதிகாரி வந்து பார்த்தார். இரண்டு தரமும், "கதவு நிக்குது, சரிவராது" என்றார். அந்தக் கதவடியில் டிக்கெட் கிழிக்கும் அஸீஸா சிரித்தாள். கூடப்பிறந்த அண்ணனைப் போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, உங்கட படச்சுருள் ஓட்ட ரொட்டி மாதிரிக் கிடக்கு. கதவ என்ன செய்யப் போறீங்க, தலையில வெச்சிக் கொண்டு போகவா?"

"உன்ட வேலையப் பாரு புள்ள."

"பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். நீங்கதான் என்ட கதவப் பாத்துக்கிட்டு நிக்கீங்க."

மூன்றாம் தரமும் பிழை வந்தால் மட்டக்களப்பிலிருந்து வேறு ஆள் வருவான் என்று அதிகாரி சொல்லிப்போட்டார். மறுநாள் நாலு மணிக்கு வருவாராம்.

மறுநாள் மூன்று மணிக் காட்சிக்குப் பெண்கள் எல்லோரும் உள்ளே போனபின் அஸீஸாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் நிலையோடு சேர்த்துத் தகரம் வைத்து எட்டு ஆணி அடித்தேன். உள்ளே பாட்டுச் சத்தம்; யாருக்கும் கேட்கவில்லை. மேலே வெள்ளை பூசினேன். படம் ஆறு மணிக்குத்தான் முடியும். ஐந்து மணிக்குக் கழற்றிவிட்டால் சரி. இதில் என்ன பிழை?

மூன்றரைக்குத் திரைச்சீலையில் நெருப்புப் பிடித்தது. ஆண்கள் பின்பக்கத்தால் ஓடி வந்தார்கள். தகரம் உள்ளேயிருந்து அதிர்ந்தது. அஸீஸாவின் குரல்.

"காக்கா, நீங்க வெளியில நிக்கிறது தெரியும். தொறங்க காக்கா."

ஆணி பிடுங்கும் சுத்தியல் என் கையில்தான் இருந்தது. தியேட்டர் முதலாளி சீனிமுகம்மது இருமிக்கொண்டு ஓடிவந்து, "பொம்புளயள் வந்திட்டாங்களா?" என்று கேட்டார். சுவரைப் பார்த்தார். தெருவில் ஆண்கள் போட்ட கூச்சலில் தகரச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை; கதவு எங்கே இருந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை.

"ஓம், எல்லாரும் வந்திட்டாங்க" என்றேன். அவர் போய்விட்டார்.

தெரியாமல் நடந்தது என்று சொல், தப்பலாம் என்கிறீர்கள். சொல்லமாட்டேன். தெரிந்துதான் நின்றேன். பதினேழு பேர் என்கிறீர்கள். நான் எண்ணப் போகவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றுவதென்றால், அந்தக் கடதாசியை எழுதியவனையும் என் பக்கத்தில் ஏற்றுங்கள். சுவரைப் போய்ப் பாருங்கள், ஒரு கோடு தெரிகிறதா என்று.

காய்வதற்கு அரை மணித்தியாலம்தான் மிச்சம் இருந்தது. அவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.