நான்கைத் தாண்டாதவன்

உங்கள் படிவத்தில் ஏழாம் கேள்விக்கு மூன்று வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. தனித்தாளில் எழுதுகிறேன். கையெழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம்.

கேள்வி இது: மனுதாரர் தொழிற்சாலைக்கு வெளியே தொடர்ந்து பலத்த சத்தத்துக்கு ஆளானது உண்டா? மார்ச் மாதம் சாட்சியாகக் கையெழுத்திட்டபோது "இல்லை" என்று எழுதினேன். அது தவறு. "ஆம்" என்று திருத்திக்கொள்ளவும்.

மனுதாரர் காவ்ரா என் நண்பன். பதின்மூன்று வருடமாக எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். நான் பாஸ் கிட்டார். மூன்றாமவன் திஹோமிருக்குக் கிட்டாரும் பாட்டும். தகரத் தொழிற்சாலையில் அழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே காது போனது என்று சொல்லி காவ்ரா உங்களிடம் ஓய்வூதியம் கேட்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறான். அதை அவன் வீட்டில் முதலில் சொன்னவன் நான்.

எங்கள் கிகிந்தா ஊரில் டிரம்ஸ்காரன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கிட்டார் வாசிப்பவர்கள் தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். டிரம்ஸ் வேண்டுமென்றால் இடம் வேண்டும், வண்டி வேண்டும், சண்டைக்கு வராத அண்டை வீட்டார் வேண்டும். எங்களிடம் இடம் இருந்தது. திஹோமிரின் குடியிருப்புக்கு அடியில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கறை. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். ஆள்தான் இல்லை. இசைக்கருவிக் கடையிலும் ரொட்டிக்கடையிலும் ஒன்பது வருடம் துண்டுச்சீட்டு ஒட்டினோம். ஒருவன் வந்தான், ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பித்ததைவிட வேகமாக முடித்தான். இன்னொருவன் நன்றாகவே வாசித்தான், மூன்றாம் மாதம் ஜெர்மனிக்குப் போய்விட்டான். வேறொருவன் டிரம்ஸை விற்று வீட்டுக்கு வெந்நீர்க் கொதிகலன் வாங்கிவிட்டான். அவன் மனைவி எங்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கேக் அனுப்பினாள்.

அந்த வருடங்களில் நான் பெடல் செய்யக் கற்றுக்கொண்டேன். என் தொழில் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பது. பற்றவைப்பு என் கைக்குப் பழக்கம். பெடல் என்றால் காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி. கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வழியில் உட்கார்ந்துகொண்டு ஒலியை மாற்றும். ஒன்று ஒலியைக் கரகரக்க வைக்கும். ஒன்று அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தரும். ஒன்று துள்ளும் சத்தத்தைத் தட்டி, சோர்ந்த சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைக்கும். பிறகு பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். அதன்பின் அதைவிடப் பெரியது. ஆள் இல்லாத குறையைச் சத்தத்தால் நிரப்பப் பார்த்தேன். நிரம்பவில்லை.

பிறகு காவ்ரா வந்தான். ரொட்டிக்கடைச் சீட்டைப் பார்த்து வந்தான். ஒரு கையில் சீட்டு, மறு கையில் பாதி கடித்த புரெக் அப்பம். உட்கார்ந்து வாசித்தான். அவன் வலதுகால் பெரிய டிரம்மில் விழும் இடமும் என் விரல் கம்பியை விடும் இடமும் ஒன்றாக இருந்தன. இரண்டு சத்தம் அப்படி ஒன்றாக விழுந்தால் எது யாருடையது என்று தெரியாது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அதுவரை அப்படி ஒன்று எனக்கு நடந்ததில்லை. இதற்குமேல் இதை விளக்கத் தெரியவில்லை.

காவ்ரா காதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியவன். அவன் அப்பாவும் அதே தொழிற்சாலையில் இருந்து செவிடாகிப் போனவர். அதனால் காவ்ரா காதுக்குள் பஞ்சுக் குமிழ் வைத்து, அதன்மேல் தொழிற்சாலை கொடுத்த காதுமூடியும் மாட்டுவான். கூட வேலை செய்பவர்கள் அவனை விமானி என்று கூப்பிட்டார்கள். உங்கள் குழு விசாரித்தால் அவர்களே சொல்வார்கள்.

பதுங்கறையில் அவனுக்கு என் பாஸும் தாளக் கணக்கின் டிக் டிக்கும் கேட்க வேண்டும், டிரம்ஸின் இரைச்சல் கேட்கக் கூடாது. அதற்காகக் காதை இறுக மூடும் ஹெட்ஃபோன் போட்டான். ஹெட்ஃபோனுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டியைச் செய்து தந்தவன் நான். அதில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து பத்து வரை. முதல் நாளே அவன் தன் மனைவி தெசாங்காவின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து நான்குக்கு நேராக ஒரு கோடு போட்டான்.

"இதுக்கு மேல நான் போக மாட்டேன். யாரு சொன்னாலும் போக மாட்டேன்" என்றான்.

அவன் போகவில்லை. பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் நான்கைத் தாண்டவில்லை. அதை நான் எங்கு வந்து வேண்டுமானாலும் சொல்வேன்.

ஏழு வருடத்துக்கு முன் பூசணிக்காய் விழாவில் வாசித்தோம். நோவி சாத் நகரிலிருந்து வந்த ஒரு குழு அவனைக் கேட்டது. டான்யூப் ஆற்றில் போகும் உல்லாசக் கப்பல்களில் வாசிப்பவர்கள். நிரந்தர வேலை, நல்ல சாப்பாடு. மே மாதம் வந்து வாசித்துக் காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் எங்களிடம் மறைக்கவில்லை. மறு சனிக்கிழமையே சொன்னான். திஹோமிர் அவனுக்குக் கடலில் தலைசுற்றி வாந்தி வரும் என்று கேலி செய்தான். அது ஆறுடா என்றான் காவ்ரா. நான் வாழ்த்துச் சொன்னேன். அதில் பொய்யில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை, மற்ற இருவரும் வருவதற்குமுன் காவ்ராவின் ஹெட்ஃபோன் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு சிறு பாகத்தை மாற்றினேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. திருகு அப்படியே இருந்தது. கோடும் அப்படியே இருந்தது. அதன்பின் மாதம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைக்கும் அந்தப் பெடலின் வேலையையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்தேன். திடீரென்று எதுவும் துள்ளாவிட்டால் சத்தம் கூடியது தெரியாது. டிக் டிக்கைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன். பிப்ரவரியில் நான்குக்குள் ஏழின் சத்தம் இருந்தது. ஏப்ரலில் பத்தைவிட அதிகம். ஒருமுறை நானே மாட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டு முடியும்வரை வைத்திருக்க முடியவில்லை.

மே மாதம் நோவி சாத் போய் அன்று மாலையே திரும்பி வந்தான். எங்களோடு உட்கார்ந்து பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி தின்றான்.

"பாடுறவ கையக் காட்டுறா, வாயத் தொறக்குறா, எங்க ஆரம்பிக்கிறான்னே தெரியலடா. ரெண்டு தடவ முந்திட்டேன். மூணாவது தடவ அவளே சிரிச்சுட்டா."

"கப்பல்ல போறேன்னு கெளம்பினவன் கரையிலயே முழுகிட்டான்" என்றான் திஹோமிர்.

காவ்ரா சிரித்தான். அடுத்த பாட்டு என்ன என்று கேட்டான்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தால் அவனுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. பெட்டி கெட்டுவிட்டது என்று என்னிடமே கொண்டுவந்து நீட்டியிருப்பான். பயந்துபோயிருப்பான். அவனைப் பயமுறுத்த எனக்கு மனமில்லை. மேலும் அடுத்த மே மாதம் என்றும் ஒன்று இருக்கிறது. அதனால் விட்டுவிட்டேன். அவன் காது குறையக் குறையப் பெட்டியை அதற்கு ஏற்றபடி வைத்தேன்.

திஹோமிருக்கு இதில் பங்கில்லை. ஒருநாள் தன்னுடையது என்று நினைத்து அந்த ஹெட்ஃபோனை மாட்டினான். உடனே பிடுங்கி எறிந்தான். "என்னடா இது, காதுல ஆணி எறக்குற மாதிரி இருக்கு" என்றான். காவ்ரா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், அவனுக்குக் கேட்கவில்லை. திஹோமிர் பெட்டியைப் பார்த்தான், சிவப்புக் கோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கிட்டாருக்குச் சுருதி கூட்ட ஆரம்பித்தான். அவனும் என்னோடு ஒன்பது வருடம் சீட்டு ஒட்டியவன்.

தெசாங்கா ஒருநாள் வாஷிங் மெஷின் பார்க்க என்னைக் கூப்பிட்டாள். மெஷினில் ஒன்றுமில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அடுத்த அறையில் இருந்த காவ்ராவுக்கு எப்படியும் கேட்காது.

"பேத்தி ஃபோன்ல பேசுறா அண்ணே. இவரு சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறாரு. வச்சதுக்கு அப்புறம் என்ன சொன்னான்னு என்கிட்ட கேக்குறாரு. காலிங் பெல் கேக்கல. கெட்டில் கொதிச்சுத் தீயுது. என்கூடப் பேசவே சங்கடப்படுறாரு. இது எங்கேருந்து வந்துச்சு அண்ணே?"

தொழிற்சாலைதான் என்று சொன்னேன். அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வந்திருக்கிறது என்றேன். அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சென்ற குளிர்காலத்தில் அவன் மருத்துவமனையில் எடுத்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். உங்கள் கோப்பிலும் அது இருக்கும். எடுத்துப் பாருங்கள். கோடு வலப்பக்கம் போகப்போகப் பள்ளத்தில் விழுகிறது. பறவை, குழந்தை, பெண்குரல், மணி எல்லாம் அந்தப் பக்கம். இடப்பக்கம் கோடு அப்படியே நிற்கிறது. அங்கேதான் பாஸின் தாழ்ந்த சுரங்கள் இருக்கின்றன. காவ்ரா அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"பாருடா ஓஸ்தோயா. ஒலகத்துல எனக்கு ஒழுங்காக் கேக்குறது நீ ஒருத்தன்தான்."

அன்று மிக நன்றாக வாசித்தோம்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் நான்தான். தொழிற்சாலையிலிருந்து விடுபட்டால் புதன்கிழமையும் ஒத்திகை வைக்கலாம். அவன் சார்பில் மார்ச் மாதம் கையெழுத்திட்டேன். அந்தப் பணத்துக்கு அவன் போட்டிருந்த திட்டம் அப்போது எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவன் சுத்தியலைக் கொண்டுவந்து டிரம்ஸை நிறுத்தியிருக்கும் பலகையில் ஆட்டம் கண்ட இடங்களை அடித்துச் சரிசெய்தான். எதற்கு என்று கேட்டேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"ஓய்வூதியம் வந்ததும் மக இருக்குற லின்ஸ் ஊருக்கே குடி போறோம்டா. விஷ்ன்யா அங்க ஒரு மருத்துவமனையப் பாத்து வச்சிருக்கா. பேத்தி பேசுறது கொஞ்சமாவது கேக்குற மாதிரி பண்ணுவாங்களாம். அந்த ஊரு வாடகைக்கு மக சம்பளம் மட்டும் பத்தாது, இது வந்தாத்தான் ஆகும். டிரம்ஸ ஒனக்கே விட்டுட்டுப் போறேன். யாராவது கெடச்சா வாசிக்கட்டும்."

விஷ்ன்யா அவன் மகள். அவள் திருமணத்தில் சாட்சியாக நின்றவன் நான். நம் பக்கத்தில் திருமணச் சாட்சி என்றால் இரத்த உறவுக்கும் மேல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது கிடைத்தால். எனக்கு இப்போது ஐம்பத்துநான்கு வயது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். தொழிற்சாலை செய்யாத ஒன்றுக்குத் தொழிற்சாலையைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை என்று தோன்றியது. பொய்ச் சாட்சியின் பேரில் ஒருவன் ஊரைவிட்டுப் போவதும் சரியில்லை. என் மனச்சாட்சி உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் எதுவுமில்லை.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். காவ்ராவின் காதைக் கெடுத்தது தொழிற்சாலை அல்ல. நான். தெரிந்தே செய்தேன், ஏழு வருடம் செய்தேன். பெட்டியை இத்துடன் இணைத்திருக்கிறேன். மின்சாதனம் தெரிந்த யாரும் திறந்து பார்த்தால் புரியும். இதற்கு எனக்கு என்ன தண்டனை என்று தெரியவில்லை. அது உங்கள் துறையின் வேலை அல்ல என்று நினைக்கிறேன். தேவைப்பட்டால் நீங்கள் காவல்துறைக்கு அனுப்பலாம். அவசரம் எதுவுமில்லை. ஓய்வூதிய மனுவின் முடிவுதான் அவசரம். பன்னிரண்டாம் தேதிக்கு அவர்கள் பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்.

பெட்டி இல்லாமல் அவன் என்ன செய்வான் என்று கவலைப்பட வேண்டாம். புதிதாக ஒன்று செய்துவிட்டேன். பழையதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

விதிப்படி இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று மனுதாரருக்கும் போகும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். போகட்டும். வாரநாளில் போய்ச் சேரும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் ஒத்திகைக்கு வருவான்.