பெலிண்டாவின் படபடப்பு

உங்கள் ஸ்டேஷன் டீ எங்கள் காலேஜ் கேன்டீன் டீயைவிட எவ்வளவோ தேவலை, மேடம்.

பதினாறு வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். காதல் இதயத்தில் பிறப்பதாகப் பிள்ளைகள் நோட்டில் படம் வரைந்து வைத்திருப்பார்கள். பாவம், இதயத்துக்கு ரத்தம் தள்ளவே நேரம் போதாது. எல்லாம் மூளையின் வேலை. பயந்தால் அட்ரினலின் ஊறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எதிரே ஒரு முகம் இருந்தால், படபடப்புக்கு அதுதான் காரணம் என்று மூளை நம்பிவிடும். அவ்வளவு பெரிய மூளை இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது.

எங்கள் காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் பெலிண்டாவுக்கு என்னைக் கண்டால் எதுவும் ஊறவில்லை. மூன்று வருடமாக, “சாப்பிட்டீங்களா சார்?” அதோடு சரி. எனக்கோ அவளைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகள் நகரவே மாட்டேன் என்றன. நாற்பத்து மூன்று வயதில் வெட்கக்கேடுதான். ஆகவே அவள் மூளைக்குக் கொஞ்சம் உதவி செய்தேன்.

முதலில் அவள் மேசை டிராயரில் ஒரு பாம்பு. லேப் ஜாடியில் இருந்தது, செத்து வருடக்கணக்காகிறது. அலறினாள். ஓடிப்போய் எதிரே நின்றேன். “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றாள். அளவு போதவில்லை என்று புரிந்தது.

அடுத்தது ஸ்கூட்டர். ஸ்ரீரங்கத்துக்குக் காவிரிப் பாலம் வழியாகத்தான் வீடு திரும்புவாள். பிரேக் ஒயர்களை நான் அறுக்கவில்லை, மேடம். காலேஜ் ஸ்டாண்டில் வைத்துத் தளர்த்தினேன், பாலத்துக்குப் போகும்போது கழன்றுவிடும் அளவுக்கு. பின்னால் காரில் போய், விழுந்ததும் தூக்குவதாக ஏற்பாடு. பாலத்துக்கு முன்னால் சிந்தாமணி நெரிசலில் அவள் இடுக்கில் புகுந்து போய்விட்டாள். கார் மாட்டிக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கால் முறிந்து கிடந்தாள். தலையை மடியில் தாங்கியிருந்தவன் தைரியராஜ், அந்த வழியாக வந்த அரியமங்கலம் மெக்கானிக். “பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல” என்றான். அதை நான் சொல்வதாக இருந்தது.

ஒயரைப் பார்த்ததும் யாரோ வேண்டுமென்றே செய்தது என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். நீங்கள் காலேஜ் கேமராவைப் பார்த்து என்னிடம் வருவதற்குள் அவர்களுக்கு நிச்சயமே ஆகிவிட்டது. நான் சொன்னது சரி என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

ஆமாம், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். நேற்று அவள் ஊன்றுகோலோடு இங்கே வந்தாள் அல்லவா? என்னைப் பார்த்ததும் உதடு உலர்ந்தது, மூச்சு வாங்கியது, கை நடுங்கியது. பயந்துபோனாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். இந்த முறை எதிரே இருந்தது என் முகம்.