பார்த்த பின்பே தொட்ட கலியமூர்த்தியார்க்கு

கண்ணே கருவியாய், கடமையே கவசமாய், கடலூர்ப் பணிமனையின் கரும்புகைக்குள் காலமெல்லாம் நின்ற கம்மியரே! முனகும் எஞ்சினின் முகம் பார்த்தே நோயறிந்த மூத்தவரே! வணக்கம்.

அரசு ஜீப் எது வந்தாலும் எங்கள் கலியமூர்த்தியார் உடனே ஸ்பேனரைத் தொட்டதில்லை. பானட்டைத் தூக்கிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஆயில் எங்கே கசிகிறது, பெல்ட் எங்கே பிரிகிறது, எந்த ஒயரை எலி கடித்திருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்ப்பார். அதுவரை எவரும் வாய் திறக்கக்கூடாது, எஞ்சினையும் ஓடவிடக்கூடாது. அறுப்பு முடிந்த கையோடு கீரப்பாளையத்திலிருந்து வந்த ஜீப் ஒன்று இழுக்கவில்லை என்று நாங்கள் எஞ்சினையே இறக்கக் கிளம்பினோம். அவரோ ஏர் ஃபில்டரில் அடைத்திருந்த வைக்கோல் தூசியைக் காட்டி, “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுடா” என்று சிரித்தார்.

மனைவி தில்லையம்மாள் மறைந்தபின் அந்தச் சிரிப்பும் வற்றிற்று. மகள் சுவேதா கடல் கடந்து வாழ்கிறார். சிதம்பரத்து வீட்டில் பேச ஆளின்றி, விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வாட்ச்மேன் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். ‘வேலையில்தான் என்ன பற்று!’ என்று வியந்தோம். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எங்கள் மரமண்டைக்கு எட்டவில்லை.

இன்று பணி ஓய்வு பெறும் அவர், நேற்று மாலை தம் கைக்கு வந்த கடைசி ஜீப்பின் முன் நெடுநேரம் நின்றார். வழக்கப்படி நாங்களும் வாய்மூடி நின்றோம். எலக்ட்ரீஷியன் ரேகாதான் பொறுக்கமாட்டாமல் அருகே போய், “என்னாண்ணே, அவ்ளோ பெரிய கோளாறா?” என்று கேட்டார்.

“கோளாறு ஒண்ணும் இல்லம்மா. பானட்ட மூடிட்டா வூட்டுக்குப் போவணுமே” என்றார் அவர்.



பெருந்தகையீர்! நூறாண்டு வாழ்க என்பது மரபு. ஆளில்லாத வீட்டில் நூறாண்டா? அப்படி வாழ்த்த எங்களுக்கு நா எழவில்லை. நோய்நொடி அண்டாமல் நெடிது வாழுங்கள். ஆனால் தனியாக வாழாதீர்கள்! இந்த ஞாயிறு ரேகா தம் பிள்ளைகளோடு சிதம்பரம் வருகிறார். அடுத்த ஞாயிறு வெல்டர் எழிலன் வீட்டார். அதன்பின் நாங்கள் ஒவ்வொருவராக. வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டோம். முதுநகர்த் துறைமுகத்தில் மீன் நாங்கள் வாங்கி வருகிறோம். குழம்புக்குப் புளியை மட்டும் நிறையக் கரைத்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரவிருக்கும்
பணிமனைப் பணியாளர்கள்,
கடலூர்.